முடக்குவாதத்துக்கு தாய்ச்சி ஒத்து வருமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாசம் இந்தப் பக்கத்துல முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) பத்தி எழுதும்போது கடைசில போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், "வாக்கிங் போக முடியலன்னா தாய்ச்சி மாதிரி மெதுவான பயிற்சி எதாவது செஞ்சு பாருங்க"ன்னு. அவ்ளோதான், பிடிச்சுக்கிட்டீங்க. தாய்ச்சின்னா என்ன, அத யாரு செய்யலாம், நமக்கு எதுக்கு சீனாக்காரன் வித்தைன்னு ஒரே கேள்வி. சேலத்துல 19 வருஷமா பிசியோதெரபி பாக்குறேன், முடக்குவாதம் எங்க அத்தைக்கே உண்டு, அதனால கிளினிக்லயும் பாத்துருக்கேன் வீட்லயும் பாத்துருக்கேன். வந்ததுல சிலதுக்கு இந்த மாசம் பதில்.

நான் செவ்வாய்ப்பேட்டைல வீட்லயே கொலுசுக்கு சலங்கை வைக்கிற வேலை செய்றேங்க மேடம், வயசு 46. நாலு வருஷமா சரவாங்கி, அதான் முடக்குவாதம். காலைல எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. நீங்க எழுதுனத படிச்சுட்டு பையன் செல்போன்ல ஒரு வீடியோ போட்டு காட்டினான், எல்லாரும் கைய காத்துல அலைய விடுறாங்க. இது கராத்தே மாதிரி சண்டையா? என்னால முடியுமா? (செவ்வாய்ப்பேட்டை வாசகி)

சண்டைக் கலைதாங்க. சின்ன வயசுல கண்ணாமூச்சி ஆடும்போது ஓடி வந்து தொடுவோமே தாச்சி, அது இல்ல. சீனப் பேரு தாய்ச்சிச்சுவான், அதுல கடைசில வர்ற சுவான்னா முஷ்டின்னு அர்த்தம். ஹெனான் மாகாணத்துல சென் குடும்பத்துக்காரங்க இருக்குற ஒரு கிராமத்துல இருந்து பரவுனது, அப்புறம் யாங், சுன்னு வேற வேற குடும்பங்க ஆளுக்கொரு பாணியா மாத்திக்கிட்டாங்க. 2020 டிசம்பர்ல யுனெஸ்கோ கலாசார பாரம்பரிய பட்டியல்லயும் சேத்தாச்சு. ஆனா இப்ப உலகம் பூரா பார்க்குல பெரியவங்க செய்றாங்களே அது சண்டைக்கு இல்ல, உடம்புக்கு.

உங்களுக்கு எந்த பாணின்னு கேட்டா நான் சுன் பாணிதான் சொல்வேன். சுன் லுதாங்னு ஒருத்தர் (1860ல பொறந்து 1933ல போனவர்) உருவாக்குனது, இதுல முட்டிய ஆழமா மடக்கி உக்கார வேண்டியதில்ல, கிட்டத்தட்ட நேரா நின்னுக்கிட்டே செய்யலாம். ஆஸ்திரேலியால பால் லாம்னு ஒரு குடும்ப டாக்டர், அவருக்கே மூட்டுவாதம் உண்டு, அவர் 1997ல மூட்டுவாதக்காரங்களுக்குன்னு ஒரு சின்ன தொகுப்பு பண்ணாரு, அதுக்கு அடிப்படையா எடுத்துக்கிட்டதும் இந்த சுன் பாணிதான்.

உங்க விரலுக்கு வருவோம். கொலுசு வேலைல நாள் பூரா என்ன பண்றீங்க, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து இறுக்கி புடிக்கிறீங்க, சின்ன இடுக்கிய அழுத்துறீங்க. முடக்குவாதத்துல பெரும்பாலும் முதல்ல மாட்டுறது அந்த விரல் மூட்டும் மணிக்கட்டும்தான். இந்த சுன் பாணில கையில எதையும் புடிக்கிறதே இல்லங்கறது எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம். கை விரிஞ்சே இருக்கும், விறைப்பா இல்லாம, சுடு பால் டம்ளர புடிக்கப் போய் புடிக்காம விட்ட மாதிரி.

இப்பவே ஒண்ணு செஞ்சு பாருங்க. பாதத்த தோள் அகலத்துக்கு வெச்சு நில்லுங்க, முட்டிய லேசா தளர்த்துங்க (மடக்க வேண்டாம், பூட்டி வெச்சத திறந்தா போதும்). ரெண்டு உள்ளங்கையும் ஒண்ண ஒண்ணு பாத்த மாதிரி நெஞ்சுக்கு முன்னாடி, நடுவுல ஒரு பலூன் இருக்குறதா நெனச்சுக்கங்க. மூச்சு உள்ள இழுக்கும்போது பலூன் பெருசாகுது, கை தோள் அகலத்துக்கு விரியுது. வெளிய விடும்போது பலூன் சின்னதாகுது, கை உங்க மூஞ்சி அகலத்துக்கு வருது. அவ்ளோதான். சுன் பாணில திரும்பத் திரும்ப வர்ற அசைவு இதான், பேரே திறந்து மூடுறது. ஆறு தடவை செய்ங்க. தோள் காதுக்கு ஏறுச்சுன்னா தப்பா செய்றீங்க, இறக்கி விடுங்க.

அடுத்தது எடைய மாத்துறது. ஒரு குடத்துல இருக்குற தண்ணிய இன்னொரு குடத்துக்கு சத்தமில்லாம ஊத்துற மாதிரி, வலது கால்ல இருக்குற பாரத்த கொஞ்சம் கொஞ்சமா இடது காலுக்கு கொண்டு போகணும். பாதி ஊத்திட்டு நிறுத்தினாலும் சிந்தக் கூடாது. வலது கால் முழுசா காலியானதுக்கு அப்புறம்தான் அத தூக்கி வெக்கணும். நம்ம வழக்கமா நடக்குறது என்ன, தொப்புனு விழுந்து விழுந்து புடிச்சுக்கிறதுதான், கொஞ்சம் கவனிச்சு பாருங்க தெரியும். சமையல் மேடைய ஒரு கைல லேசா தொட்டுக்கிட்டு சோறு வேகுற நேரத்துல இத செய்யலாம்.

முடியுமான்னு கேட்டீங்க. முடியும். உடம்பு இன்னைக்கு எவ்வளவு தருதோ அதுல முக்கால் பங்குக்கு கொஞ்சம் கம்மியா எடுத்துக்கங்க, முழுசையும் கறக்காதீங்க. முடக்குவாதத்துல நேத்து இருந்த உடம்பு இன்னைக்கு இருக்காது, இது உங்களுக்கு என்னைவிட நல்லா தெரியும். ஜிம்முக்கு போனா நேத்து தூக்குனத இன்னைக்கும் தூக்கச் சொல்வான். தாய்ச்சில இன்னைக்கு கை தோளுக்கு வரலன்னா இடுப்பு வரைக்கும் தூக்குங்க, அதுவும் அதே அசைவுதான், யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க. இத நான் எல்லாருக்கும் சொல்றதுக்கு காரணமே அதான்.

ஏற்காட்ல காபி எஸ்டேட்ல மேஸ்திரியா இருக்கேன், வயசு 58. டிசம்பர் ஜனவரில பழம் எடுக்குற சீசன், விடிகாலைல பனி வேற, கை கல்லு மாதிரி ஆயிடுது. தாய்ச்சிய காலைல அஞ்சு மணிக்கே செய்யணும்னு சொல்றாங்களே, அந்தக் குளிர்ல முடியுமா? கீழ சேலத்துக்கு வந்துட்டா வியாதி போயிடுமா? (ஏற்காடு வாசகர்)

அஞ்சு மணிக்கு செய்யணும்னு எந்த டாக்டரும் சொல்லலீங்க. உங்க வியாதிக்காரங்களுக்கு ராத்திரி பூரா மூட்டு அசையாம இருந்து காலைல விறைச்சுக்கும், அந்த விறைப்பு விடுறதுக்கு முன்னாடி அத இழுக்கறது கதவுக்கு எண்ணெய் விடாம தள்ளுற கதைதான். எந்திரிச்ச உடனே படுக்கைலயே விரல மெதுவா மூடித் திறங்க, கணுக்கால சுத்துங்க, சுடுதண்ணில கைய ஒரு பத்து நிமிஷம் வெச்சு எடுங்க. தாய்ச்சி அப்புறம். எஸ்டேட் களத்துல காபி காயப் போட்டுருப்பாங்கள்ல, அந்தக் களத்துக்கு வெயில் வர்ற நேரம் பாத்து ஓரமா நின்னு செய்ங்க. ஸ்வெட்டரோடயே செய்யலாம், ஒண்ணும் தப்பில்ல.

ஒரு எச்சரிக்கை. சேர்வராயன் மலைல சமதளம் கிடைக்கிறதே பெரிய விஷயம். சரிவுல, ஈரப் புல்லுல, சருகு மேல செய்யாதீங்க. ரப்பர் செருப்பும் வேண்டாம், அடி மெலிசா குதிகால புடிச்சுக்குற மாதிரி ஷூ போட்டுக்கங்க. முடக்குவாதத்துல கணுக்காலும் பாதமும் சத்தமில்லாம கெட்டுப்போற இடம், வலி இல்லன்னாலும் பாதம் உள்பக்கமா சாஞ்சிருக்கும்.

சேலத்துக்கு இறங்கி வந்தா போயிடுமான்னா, போகாது. குளிர்ல விறைப்பு அதிகமா தெரியும், அது உண்மை, ஆனா குளிரால வந்த வியாதி இல்ல இது. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அஸ்தம்பட்டிக்கு வந்தாலும் வியாதி கூடவே பஸ்ல உக்காந்து வரும். மாத்திரைய ஒழுங்கா சாப்டுட்டு ஏற்காட்லயே இருங்க, சேலம் வெயில நாங்க அனுபவிக்கிறது போதும்.

இது பொம்பளைங்களுக்கு வர்ற வியாதிதானன்னு கூட இருக்கறவங்க கிண்டல் பண்றதா எழுதிருந்தீங்க. பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம்தான், அதுக்காக ஆம்பளைங்கள விட்டு வெக்குறதில்ல.

என் மாமியாருக்கு 67 வயசு, அம்மாபேட்டைல தறி ஓட்டுன குடும்பம். 15 வருஷமா முடக்குவாதம், ரெண்டு முட்டியும் போச்சு, அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்க மாட்டாங்க, விழுந்துருவோம்னு பயம். பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து, இந்த சீனா பயிற்சி செஞ்சா மாத்திரையே வேண்டாம், மெத்தோட்ரெக்ஸேட் ஈரல கெடுத்துரும்னு சொல்லிட்டு போயிட்டாங்க. அதுல இருந்து மாத்திரைய சாப்பிட மாட்டேன்னு அடம். என்ன பண்றதுங்க? (அம்மாபேட்டை வாசகி)

முதல்ல மாத்திரை. அடுத்ததுதான் மத்தது எல்லாம்.

உங்க அத்தைகிட்ட இப்டி சொல்லுங்க. முடக்குவாதம்ங்கறது தேய்மானம் இல்ல. ஊருக்கு காவல் இருக்குற ஆளுங்களே ஊர் வீட்டுக்கு தீ வெக்கிற மாதிரி, கிருமிய அடிக்க வேண்டிய நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தி மூட்டுக்குள்ள இருக்குற சவ்வ அடிக்குது. சவ்வு வீங்கி, வளந்து, குருத்தெலும்ப அரிச்சு, எலும்பையும் அரிக்கும். மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி மாத்திரை அந்தக் காவல்காரன அடக்குது. தாய்ச்சிக்கு அந்த சக்தி கிடையாது. தாய்ச்சி பண்றது மூட்ட சுத்தி இருக்குற தசைய வலுவா வெக்கிறது, அசைவு குறையாம பாத்துக்கறது, நிக்கும்போது தள்ளாட்டத்த குறைக்கறது, மனசுக்கு கொஞ்சம் தைரியம். அது வேற வேலை, இது வேற வேலை.

ஈரல் பத்தின பயம் சும்மா இல்ல, அதனாலதான் டாக்டர் அப்பப்ப ரத்தம் எடுத்து பாக்க சொல்றாங்க. அந்த டெஸ்ட்ட விடாதீங்க. இன்னொண்ணு, இது வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுற மாத்திரை, டாக்டர் எந்தக் கிழமை சொன்னாங்களோ அந்தக் கிழமை மட்டும். தெரியாம தினமும் முழுங்குனா உயிருக்கே ஆபத்து. கூட குடுக்குற ஃபோலிக் ஆசிட் மாத்திரையோட மாத்திக் குழப்பிக்கிறவங்க இருக்காங்க, டப்பாவ தனித்தனியா வெச்சு மேல கிழமைய எழுதி ஒட்டுங்க.

என்கிட்ட வந்துட்டு இருந்த ஒரு அம்மா இப்டித்தான் யாரோ சொன்னாங்கன்னு மாத்திரைய நிறுத்திட்டு பயிற்சி மட்டும் செஞ்சாங்க. எனக்கும் சொல்லல. நானும், தப்பு என்னுதுதான், மாத்திரை சாப்டுறீங்களான்னு ஒரு தடவை கூட கேக்கல, நல்லா செய்றாங்களேன்னு பாராட்டிக்கிட்டே இருந்தேன். எட்டு மாசத்துல விரல் எல்லாம் சுண்டு விரல் பக்கமா சாஞ்சு போச்சு, அது திரும்ப நேராகல. அன்னைல இருந்து யாரு உள்ள வந்தாலும் என்னோட முதல் கேள்வி அதான்.

இப்ப பயிற்சி. அத்தை நிக்கவே வேண்டாம், உக்காந்து செய்யலாம். கை வெக்காத, உறுதியான மர நாற்காலி நல்லது, பிளாஸ்டிக் சேர்னா டைல்ஸ்ல வழுக்கும், பின்னாடி செவுத்துல முட்டுக் குடுத்து போடுங்க. முன்னாடி நகந்து உக்காரணும், பாதம் ரெண்டும் தரைல முழுசா படியணும், எட்டலன்னா அடில ஒரு பலகை. கை ரெண்டும் தண்ணில மிதந்து மேல வர்ற மாதிரி தூக்கி, அதே மாதிரி இறக்கணும். அப்புறம் மேகக் கைன்னு ஒண்ணு, ஒரு கை மூஞ்சிக்கு நேரா, ஒரு கை தொப்புளுக்கு நேரா, இடுப்போட சேந்து மெதுவா ஒரு பக்கம் போகுது, கை மாறுது, இன்னொரு பக்கம் போகுது. தறி ஓட்டுனவங்கள்ல, இடமும் வலமும் போய் வர்ற கணக்க யாரும் சொல்லித் தர வேண்டாம், நீங்க பாருங்க உங்களவிட நல்லா செய்வாங்க. அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிங்க. காலுக்கு, உக்காந்தபடியே குதிகால் தூக்கி இறக்குறது.

கழுத்த மட்டும் சுத்த விடாதீங்க. வருஷக்கணக்கா முடக்குவாதம் இருந்தா கழுத்துல மேல இருக்குற முதல் ரெண்டு எலும்புக்கு நடுவுல புடிப்பு தளந்து போக வாய்ப்பு உண்டு. தலைய குனிஞ்சா முதுகுல கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கு, கை மரத்துப் போகுதுன்னு சொன்னாங்கன்னா பயிற்சி வேண்டாம், அன்னைக்கே டாக்டர பாருங்க. ரொம்ப நாளா ஸ்டீராய்டு சாப்டுறவங்களுக்கு எலும்பும் மெலிஞ்சிருக்கும், அதனால விழறது சாதாரண விஷயம் இல்ல. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்குற வசதி தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல இருக்கு, உங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டுப் பாருங்க.

உருக்காலைல வேலை செஞ்சு ரிட்டையர் ஆனவன். நம்ம நாட்டு யோகா இருக்கும்போது எதுக்கும்மா சீனாக்காரன் வித்தை? இதுக்கு விஞ்ஞான ஆதாரம் எதாவது உண்டா, இல்ல சும்மா ஃபேஷனா? (ஜாகீர் அம்மாபாளையம் வாசகர்)

டீயும் சீனாலருந்து வந்ததுதான் சார், ரெண்டு வேளை குடிக்கறோம்.

யோகா வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. தெரிஞ்சவங்க சொல்லித் தந்து, மூட்டுக்கு தகுந்த மாதிரி மாத்திக்கிட்டா அதுவும் நல்லதுதான். ஆனா சூரிய நமஸ்காரத்த எடுத்துக்கங்க, உடம்பு பாரம் பூரா மணிக்கட்டுல எறங்குது, அந்த மணிக்கட்டு ஏற்கனவே வீங்கி இருக்கு. வஜ்ராசனத்துல முட்டியும் கணுக்காலும் மொத்தமா மடங்குது. தரைல உக்காந்து எந்திரிக்கறதே சிலருக்கு பெரும்பாடு. தாய்ச்சில கை எதையும் தாங்கறதில்ல, தரைக்கு போக வேண்டியதுமில்ல. அதான் வித்தியாசம், நாட்டுப்பற்று வேற சமாச்சாரம்.

ஆதாரம் கேட்டீங்க, நல்ல கேள்வி, ஏன்னா இதுல ரொம்ப பேர் கூட்டிச் சொல்றாங்க. காக்ரேன்னு ஒரு அமைப்பு, உலகத்துல நடந்த மருத்துவ ஆய்வுகளை எல்லாம் சேத்து அலசி சொல்றவங்க. முடக்குவாதத்துக்கு தாய்ச்சிங்கற தலைப்புல 2004ல அலசுனாங்க, 4 ஆய்வு, மொத்தம் 206 பேர். வியாதிய மோசமாக்கல, கணுக்கால் அசைவு நல்லா இருக்கு, செஞ்சவங்க ரசிச்சு செஞ்சுருக்காங்கன்னு வந்துச்சு. 2019ல மறுபடி பாத்தாங்க, 7 ஆய்வு, 345 பேர். வலி குறையுதா, வேலை செய்யற திறன் கூடுதான்னு உறுதியா சொல்ல முடியல, ஆய்வோட தரம் ரொம்ப கம்மின்னு கறாரா சொல்லிட்டாங்க. அதே நேரம் 2022ல அமெரிக்க ருமட்டாலஜி காலேஜ் (அங்க உள்ள மூட்டுவாத டாக்டருங்க சங்கம்) போட்ட வழிகாட்டுதல்ல, முடக்குவாதக்காரங்க விடாம உடற்பயிற்சி செய்யணும்ங்கறத அழுத்தமா சிபாரிசு பண்ணிட்டு, யோகா, தாய்ச்சி மாதிரி மனசும் உடம்பும் சேந்த பயிற்சிய நிபந்தனையோட சிபாரிசு பண்ணிருக்காங்க. முட்டி தேய்மானத்துக்குன்னா தாய்ச்சிக்கு இதவிட பலமான சிபாரிசு இருக்கு, ஆனா அது வேற வியாதி, ரெண்டையும் போட்டு கொழப்பக் கூடாது.

என் கணக்கு இதுதான். அசையணும்ங்கறதுல சந்தேகமே இல்ல. எதுல அசையறதுங்கறது உங்களுக்கு எது புடிக்குதோ அது. புடிச்சாதான் அடுத்த வருஷமும் செய்வீங்க.

வீக்கம் ஏறி சூடா இருக்குற நாள்லயும் செய்யணுமா? (ஆத்தூர் வாசகி)

வேண்டாம். அந்த மாதிரி நாள்ல மூட்ட வலி வராத எல்லைக்குள்ள ஒண்ணு ரெண்டு தடவை அசைச்சு விடுங்க போதும், படுத்துக்கிட்டே மனசுக்குள்ள ஓட்டிப் பாருங்க. மத்த நாளுக்கு ஒரு கணக்கு வெச்சுக்கங்க, பயிற்சி முடிச்சு ரெண்டு மணி நேரத்துக்கு அப்புறமும் வழக்கத்தவிட வலி அதிகமா இருந்தா அன்னைக்கு செஞ்சது ஜாஸ்தி, அடுத்த தடவை பாதியாக்குங்க. காய்ச்சலோட ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீர்னு செவந்து வீங்குனா அது கிருமி தொத்தா கூட இருக்கலாம், டாக்டர பாக்கறத தள்ளிப் போடாதீங்க.

முடக்கத்தான் தோசை சாப்டா முடக்கு அத்துரும்னுதான பேரே? (எடப்பாடி வாசகர்)

பேரு அப்டித்தான். தோசை நல்லா இருக்கும், கொஞ்சம் கசப்போட, நல்லெண்ணெய் ஊத்தி மொறுமொறுன்னு. தாராளமா சாப்டுங்க. மாத்திரை டப்பாவ தூக்கிப் போட்டுறாதீங்க.

சேலத்துல எங்க கத்துக்கறது? வாத்தியார் இல்லாம வீடியோ பாத்து செய்யலாமா? சரியா செய்றேனா, பலன் இருக்கான்னு எப்டி கண்டுபுடிக்கறது? (கன்னங்குறிச்சி வாசகி)

நேர்ல ஒரு வாத்தியார்கிட்ட கத்துக்கறதுதான் நல்லது, ஆனா முதல்லயே அவர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. மூட்டுவாதக்காரங்களுக்கு சொல்லித் தந்த அனுபவம் உண்டா, உக்காந்து செய்ய விடுவீங்களா. ரெண்டுக்கும் இல்லன்னா, இல்ல வலிச்சா தாங்கிக்கணும்னு சொன்னா, கும்புடு போட்டுட்டு வந்துருங்க. தரையோட தரையா உக்காந்து கால உதைக்கிற சென் பாணி வீர விளையாட்டு உங்களுக்கு இல்ல.

வீடியோ பாத்து செய்றதுன்னா ஒரு சிக்கல் இருக்கு, எதிர்ல நிக்கிற ஆளு இடது கைய தூக்குனா உங்களுக்கு வலது பக்கமா தெரியும், பாதி பேர் இதுலயே குழம்பி விட்டுர்றாங்க. முதுகு காட்டி நின்னு சொல்லித் தர்ற வீடியோவா தேடுங்க. முதல் மாசம் பூரா ரெண்டே ரெண்டு அசைவு போதும், எல்லா அசைவையும் ஒரே வாரத்துல மனப்பாடம் பண்ண இது பப்ளிக் எக்ஸாம் இல்ல. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்க ருமட்டாலஜி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, முட்டியோ இடுப்போ மாத்துன ஆபரேஷன் ஆனவங்க கட்டாயம் சொல்லணும். மூக்கனேரி பக்கம் காலைல நடக்கறதா எழுதிருக்கீங்க, அங்க ஆள் நடமாட்டத்துக்கு நடுவுல வேண்டாம், ஆரம்பத்துல வீட்டு ஹால்தான் சரி, பிடிச்சுக்க செவுரு இருக்கும்.

பலன கண்டுபுடிக்க மெஷின் எதும் வேண்டாம். எங்க அத்தை ஒரு வழி வெச்சுருந்தாங்க. காலைல எந்திரிச்ச நேரத்துல இருந்து ஜாக்கெட் கொக்கி அஞ்சையும் யாரையும் கூப்பிடாம தானே போட முடியுற வரைக்கும் எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு தினசரி காலண்டர் தாள்ல, ராசிபலனுக்கு பக்கத்துல, பென்சில்ல குறிச்சு வெப்பாங்க. 70, 65, 80, அப்டி ஏறி இறங்கி போகும், ஒரு நாள வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கிழிச்ச தாளை எல்லாம் ஒரு ரப்பர் பேண்டு போட்டு வெச்சுருப்பாங்க. அந்தக் கட்ட அப்டியே டாக்டர் டேபிள்ல கொண்டு போய் வெச்சாங்க, அவர் ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்துட்டு, மாத்திரை அளவ அத வெச்சுத்தான் யோசிச்சாரு. நீங்களும் நாளைல இருந்து குறிங்க.